சக்கரம் சொல்லும் சேதி

கதை எழுதுகிறவனுக்கு மோட்டாரைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக் கூடும். அவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லி விடுகிறேன். யோக்கியதை ஒன்றே ஒன்றுதான்: நான் அரவேணுவில் குடியிருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுகிற சாலை என் வீட்டுக்குக் கீழே வளைந்து போகிறது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு; மறு பக்கம் பள்ளம். கோடை சீஸன் வந்து விட்டால், குன்னூர் வழியாக மலை ஏறிய வண்டிகளைப் போலீஸார் இந்த வழியாகத்தான் கீழே அனுப்புகிறார்கள். ஆகவே தமிழ்நாட்டுக் கார்களில் பாதி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது என் திண்ணைக்கு எதிரே பிரேக் போட்டு விட்டுத்தான் ஊர் போய்ச் சேருகின்றன என்று நான் நினைத்துக் கொண்டிருக்கிறேன். மனிதர்களை எடை போட ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

சில வருஷங்களாக இந்தச் சாலையில் ஒரு புது ஜாதி வண்டியைப் பார்க்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபோது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்திருக்கும். இப்போது நாலு விரற்கடைதான் இருக்கிறது. டயர்கள் உடம்புக்கு வெளியே பிதுங்குகின்றன. ஸ்டியரிங் வளையம் தோசைத் தட்டு அளவுக்குச் சுருங்கி விட்டது. உள்ளே இருக்கும் இளைஞரைக் கேட்டால், "கம்பெனி கொடுத்த ஹாண்ட்லிங் போதாதுங்க, ஸ்டியரிங்கில் ஃபீல் இல்லைங்க, அதனால் மாற்றி விட்டேன்" என்கிறார்.

இந்த இரண்டு வார்த்தைகளையும் வாசகர்களுக்குத் தமிழில் சொல்லி விடுகிறேன். வண்டி நாம் சொன்னபடி கேட்பது ஹாண்ட்லிங். கேட்டதா இல்லையா என்பதை நம் கைக்குத் திருப்பிச் சொல்வது ஸ்டியரிங் ஃபீல். முன்னது கீழ்ப்படிதல், பின்னது பதில்.

அந்த இளைஞருடைய புகாரைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: புகார் நியாயமானது, வைத்தியம் அநியாயமானது. இரண்டையும் தனித்தனியே எடுத்துக் கொள்ளலாம்.

முதலில் புகார். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். இருட்டில் கயிற்றை விடுகிறோம். வாளி தண்ணீரைத் தொட்டதும், முங்கியதும், நிரம்பியதும் கயிற்றைப் பிடித்த கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காரின் ஸ்டியரிங்கும் அப்படிப்பட்ட கயிறுதான். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் தாமாகவே நேராக நிமிரப் பார்க்கின்றன. அந்த முயற்சிதான் வளையத்தில் ஒரு கனமாக நம் கைக்குத் தெரிகிறது. வேகம் கூடக் கூட, வளைவு இறுக இறுக, கனம் ஏறிக் கொண்டே போகிறது. பிறகு ஒரு விசித்திரம் நடக்கிறது. டயர் தரையை விட்டு வழுக்கப் போகும் எல்லை நெருங்கியதும், வழுக்குவதற்குச் சற்று முன்னாலேயே, அந்தக் கனம் குறையத் தொடங்குகிறது. பிடி போவதற்கு முன் கனம் போகிறது. கைக்கு வரும் கடைசி எச்சரிக்கை அது. மழை பெய்த மலைச் சாலையில் அந்த ஒரு கண நேர எச்சரிக்கைக்கு விலை மதிப்பே கிடையாது.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டியரிங்கைத் திருப்ப மின்சார மோட்டார் ஒத்தாசை செய்கிறது. 1988-இல் ஜப்பானின் சுசூகி செர்வோ என்ற சின்னக் காரில் தொடங்கிய ஏற்பாடு இது. சுண்டு விரலால் வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பலாம். பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம். நல்லதுதான். ஆனால் உதவிக்கு வந்த மோட்டார், சாலையிலிருந்து வரும் சேதியையும் இடைமறித்துப் பாதியை விழுங்கி விடுகிறது. இது ஏழை எளிய கார்களின் குறை மட்டுமல்ல. 2011-இல் போர்ஷே கம்பெனி தன் பெயர் பெற்ற 911 ஸ்போர்ட்ஸ் காரை மின்சார ஸ்டியரிங்குக்கு மாற்றியபோது, அந்தக் காரின் பக்தர்கள் உலகமெங்கும் இதே புகாரைத்தான் சொன்னார்கள். கோடி ரூபாய் கொடுத்தவருக்கும் கயிற்றின் மறுமுனையில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை!

இப்படிச் செய்ய வேண்டிய அவசியம் கம்பெனிக்கு ஏன் வந்தது? கார் விற்பனையாவது ஷோரூம் இருக்கும் தெருவில். வாங்குகிறவர் அந்தத் தெருவைச் சுற்றி ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறார். அங்கே லேசான ஸ்டியரிங் நல்ல ஸ்டியரிங் ஆகி விடுகிறது. அந்தத் தெருவில் குஞ்சப்பனை வளைவு கிடையாதே!

1820-களின் தொடக்கத்தில் சல்லிவன் துரை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை போட்டபோது, மேலே வந்தவர்கள் குதிரையில் வந்தார்கள். குதிரையின் மனசு கடிவாளத்தின் வழியாகக் கைக்கு வரும். மிரளப் போகிறதா, கால் இடறப் போகிறதா என்பது முன்கூட்டியே தெரிந்து விடும். இருநூறு வருஷ முன்னேற்றத்துக்குப் பிறகு அந்தக் கடிவாளத்தை ரப்பரால் செய்து கொடுத்திருக்கிறார்கள். இளைஞர் கோபப்படுவதில் என்ன தப்பு?

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? கொடுத்ததை அப்படியே ஓட்டு" என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி வாக்கு வேதவாக்கு அல்ல. இதற்கு என் குடும்பத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

என் பெரியப்பா ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தார். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார். இத்தாலிய சிற்பி மிச்செலாட்டி வரைந்த உருவம். சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரை ஒட்டியிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் அதைச் செய்தார்கள். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பி விடும் அந்த வண்டி. ஸ்டியரிங்கோ பல் சக்கரமும் பல் கம்பியும் நேரே கவ்வும் தினுசு. சாலையில் ஒரு சரளைக் கல் கிடந்தாலும் கைக்குச் சொல்லி விடும். முன்பக்கம் இவ்வளவு கெட்டிக்காரத்தனம். பின்பக்கத்தில்தான் வினை.

பின் அச்சை நடுவில் இரண்டாக மடக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கதவு கீலில் ஆடுகிற மாதிரி தொங்க விட்டிருந்தார்கள். மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். நேர்ச்சாலையில் மெத்தை போலப் போகும். வளைவில் வேகமாகப் புகுந்து, பயந்து போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எம்பும். வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடங்கும். வண்டியின் வால் பள்ளத்தைப் பார்த்துப் போகும். பெரியப்பா இதற்குக் கண்டுபிடித்த மந்திரம் இது: "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைடா. உள்ளே போனப்புறம் பயம் வந்தாலும் காலை எடுக்காதே." முப்பது வருஷம் அந்த மந்திரத்தின் பலத்தில் ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தப்பு தொழிற்சாலையுடையது, தவம் பெரியப்பாவுடையது.

அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பின் அச்சின் வினையும் சீதனமாகக் கூடவே வந்தது. 1970-இல், அந்தக் காரின் நாலாவது அவதாரத்தில்தான் கம்பெனி திருத்திக் கொண்டது. எப்படி? பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்கின் அடிப் பட்டையை மட்டும் முறுக்கி வைத்து, மற்றப் பட்டைகளை நடுவில் ஆட விட்டார்கள். முன்பக்கத்தில், வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக்கினார்கள். அவ்வளவுதான். எட்டு வருஷம் ஆயிற்று இதற்கு! நம் சென்னைக்காரர்கள் இன்னும் நேரான வழியில் போனார்கள். 1972-இல் ஹெரால்டை மாற்றி கெஸல் என்று வெளியிட்டபோது, நம் வாங்குவோருக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்காத அந்த மடங்கு அச்சையே எடுத்து விட்டு ஒரே துண்டு அச்சைப் போட்டு விட்டார்கள்.

அமெரிக்காவில் இதே மாதிரி மடங்கு அச்சுள்ள கார்வேர் என்ற கார் பெரிய ரகளையையே கிளப்பியது. ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதைப் பற்றியதுதான். முன் டயரில் 15 பவுண்டு காற்று, பின் டயரில் 26 பவுண்டு; இந்த வித்தியாசம் மாறாமல் இருந்தால்தான் கார் ஒழுங்காக நடக்கும் என்று கம்பெனி நம்பியிருந்தது. பெட்ரோல் பங்க் பையன் நாலு டயரிலும் ஒரே அளவாகக் காற்றை நிரப்பி விட்டால்? முன்னால் போட வேண்டிய தடுப்புக் கம்பியைச் செலவு கருதி விட்டு விட்டார்கள் என்பதும் நாடரின் குற்றச்சாட்டு. 1972-இல் அமெரிக்க சர்க்காரின் ஆய்வு, அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட இது மோசமில்லை என்று சொல்லியது. அதையும் சொல்லாவிட்டால் நான் ஒரு கட்சி வக்கீல் ஆகி விடுவேன். ஆயினும், 1965-ஆம் வருஷத்து மாடலில் கம்பெனியே பின்பக்கத்தை அடியோடு மாற்றிச் செய்தது என்பதை யாரும் மறைக்க முடியாது.

ஆகவே, கம்பெனி தவறும். தவறைத் திருத்தலாம். திருத்தவும் வேண்டும். இதுவரை நானும் அந்த இளைஞரும் ஒரே கட்சி. இனிமேல்தான் சண்டை.

என் தங்கை மகன் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை தன் காரை எடுத்துக் கொண்டு அரவேணுவுக்கு வந்தான். வளைவுகளுக்காகவே பிறந்தது என்று விளம்பரப்படுத்தப்பட்ட சின்னக் கார். அதற்கு அகலச் சக்கரமும், அறுத்துக் குட்டையாக்கிய ஸ்பிரிங்கும், குட்டி ஸ்டியரிங் வளையமும் போட்டிருந்தான். ஒரு கடையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிக் கொடுத்தார்களாம். "மாமா, இப்போ வண்டி தண்டவாளத்திலே போற மாதிரி போகும்" என்றான். நானும் பூரித்துப் போனேன். காரணம், அந்தச் சக்கரங்களில் இரண்டுக்குப் பணம் கொடுத்தவன் நான்தான். அவன் பிறந்த நாளுக்கு.

மறுநாள் காலை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு வளைவில் வண்டி திரும்பிக் கொண்டிருக்கும்போதே தார் பெயர்ந்த சின்னப் பள்ளம் ஒன்று வந்தது. மாட்டு வண்டி கூட அலட்சியமாகத் தாண்டியிருக்கும். எங்கள் காருக்கு அதைத் தாண்ட ஸ்பிரிங்கில் இடமில்லை. அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். வண்டி ஒரு துள்ளு துள்ளி, சாலையின் மறு பாதிக்குப் போய் விட்டது. எதிரே பஸ். அந்த டிரைவர் மலைக்காரர். எங்களைப் பார்ப்பதற்கு முன்பே எங்களை எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. பாறைப் பக்கமாக ஒடித்து நிறுத்தினார். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. பஸ்ஸின் ஜன்னல்களில் முகங்கள். சாலையோரத்தில் இலை மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டு போன இரண்டு பெண்கள் மூட்டையைக் கீழே போட்டு விட்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி எங்களைத் திட்டவில்லை. வெறுமே பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை.

"கைக்கு ஒண்ணுமே தெரியலையே மாமா" என்று பையன் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தான். ஃபீல் வேண்டும் என்று பணம் செலவழித்தவன் சொன்ன வார்த்தை அது!

எங்கள் பக்கத்து மெக்கானிக் காரமடைக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து விட்டு எழுந்து வந்து, "தம்பி, இதிலே கம்பெனிக்காரன் செஞ்ச தப்பு ஒண்ணுங்க, நீங்க காசு குடுத்து வாங்கின தப்பு நாலுங்க" என்றார். அந்த நாலையும் வாசகர்களும் தெரிந்து கொள்ளட்டும்.

ஸ்பிரிங்கை அறுத்தால் வண்டி தணிகிறது; ஆனால் சக்கரம் மேலும் கீழும் ஆட இருக்கும் இடமும் குறைகிறது. பள்ளம் வந்தால் ரப்பர்க் கட்டையில் போய் முட்டி, அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கே இல்லாத கட்டை வண்டி ஆகி விடுகிறது. இது முதல் தப்பு. வண்டி தணிந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் கோணலாகின்றன. பிறகு ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் சக்கரம், யாரும் திருப்பாமலே, தானே கொஞ்சம் திரும்பிக் கொள்கிறது. இது இரண்டாவது. சக்கரத்தை வெளியே தள்ளிப் போட்டதும், அது திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள கணக்கு கெடுகிறது. சாலையின் வரிப் பள்ளங்களெல்லாம் வளையத்தைப் பிடுங்குகின்றன. இது மூன்றாவது. கைக்கு நிறையச் சேதி வருவது போலத்தான் இருக்கும். ஆனால் அத்தனையும் சந்தை இரைச்சல். அந்த இரைச்சலில் ‘பிடி போகப் போகிறது’ என்ற ஒரே ஒரு முக்கியச் சேதி காதில் விழாது. குட்டி வளையம் நாலாவது. இரைச்சலையும் பெரிதாக்கும்; கையையும் அலுக்க வைக்கும்.

அதற்குப் பிறகு அவர் செய்த வைத்தியம் இருக்கிறதே, அதைப் பார்த்துக் கொண்டே இருக்கலாம். பரணில் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளும் சக்கரங்களும் கோயமுத்தூரிலிருந்து வந்தன. கம்பெனி அளவு டயர், புதிது. தேய்ந்த ரப்பர்ப் புஷ்கள் போய்ப் புதியவை வந்தன. டை ராடு முனையில் இருந்த ஆட்டத்தை எடுத்தார். செத்துப் போன ஷாக்குகள் இரண்டை மாற்றினார். பிறகு வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, நான்கு சக்கரங்களும் எப்படி நிற்கின்றன என்று அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து அளந்தார். கடைசியில், டயர் சூடாவதற்கு முன், விடியற்காலையில், கதவோரச் சீட்டில் எழுதியிருந்த அளவுக்குக் காற்று. செலவு, அந்தச் சக்கரங்களின் விலையில் பாதி கூட இல்லை.

பையன் ஓட்டிப் பார்த்து விட்டு வந்தான். முகம் மாறியிருந்தது. "மாமா, ஸ்டியரிங் பேசுது!" என்றான். மெக்கானிக் கையைத் துடைத்துக் கொண்டே, "அது ஊமையில்லைங்க தம்பி, வாயிலே துணியை அடைச்சு வெச்சிருந்தீங்க" என்றார்.

இதிலிருந்து நான் வாதிக்கப் போவது இவ்வளவுதான். கம்பெனி கொடுத்த ஹாண்ட்லிங்கைத் திருத்தப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர், கம்பெனி கொடுத்த ஹாண்ட்லிங்கை ஓட்டிப் பார்த்ததே கிடையாது. அவர்கள் ஓட்டுவது நாற்பதாயிரம் கிலோமீட்டர் தேய்ந்து, காற்றிறங்கி, கோணிப் போன ஒன்றை. முதலில் இழந்ததை மீட்க வேண்டும். அடுத்து இருப்பதைச் சரியாக நிறுத்த வேண்டும். அதற்கப்புறமும் குறை இருந்தால், ஒவ்வொன்றாக, காரணம் தெரிந்து, சட்டம் இடம் கொடுக்கும் வரையில் மாற்ற வேண்டும். ஸ்பிட்ஃபயரைத் திருத்தியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அவர்கள் திருத்தியது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. நம்மவர்கள் திருத்துவதோ தெருவெல்லாம் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதற்காகச் செய்கிற காரியத்துக்கு ஹாண்ட்லிங் என்று பெயர் வைக்காதீர்கள். அலங்காரம் என்று வையுங்கள். அலங்காரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கோயில் தேருக்குக் கூட அலங்காரம் உண்டு. ஆனால் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் காகிதப் பூவை நம்பி நிற்பதில்லை.

"அவன் காசு, அவன் கார், உமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தமாகச் சொல்லியது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. சொந்தக் காருக்கு ஒரு தரம் பதிவு செய்தால் பதினைந்து வருஷம் வரை மறுபடி பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை. மாற்றினால் குற்றம், தேய விட்டால் கேட்பாரில்லை! என் பையன் தன் பழைய ஷாக்குகளோடு ஓட்டியிருந்தால் சட்டத்தின் கண்ணில் அவன் உத்தமன். மலைச் சாலைக்கு இந்த நியாயம் போதாது. ஷோரூமில் சர்வீஸுக்கு விடும்போது வண்டியைக் கழுவிப் பளபளவென்று கொடுக்கிறார்களே, அதோடு புஷ்களின் நிலையையும் சக்கரங்களின் கோணத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள். நாம் கேட்பது இருக்கை உறையைத்தான்.

இளைஞர்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமானால், வெகு தூரம் போக வேண்டாம். மலைக்குக் கீழேயே கோயமுத்தூர் இருக்கிறது. அங்கே மில் குடும்பம் ஒன்றில் பிறந்த கரிவர்தன், 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார்கள் செய்தார். எல்லாருக்கும் அதே குட்டி எஞ்சின். ஜெயிக்க வேண்டுமானால் எடையையும், சக்கரம் நிற்கும் கோணத்தையும், ஓட்டுகிறவன் கையையும்தான் நம்ப வேண்டும். 1995-இல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொடக்கப் பந்தயங்களை அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிய கோயமுத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன்தான், 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார்.

அந்த அகலச் சக்கரங்கள் இப்போது என் வீட்டுப் பின்கட்டில் கிடக்கின்றன. விற்று விடலாமே என்றாள் என் மனைவி. யாருக்கு விற்பது? வாங்குகிறவன் இதே சாலையில்தானே இறங்குவான்? அதனால் இரண்டில் மண்ணைக் கொட்டி ரோஜாப் பதியன் வைத்திருக்கிறேன். இலை பறிக்கப் போகும் பெண்கள் வேலியோரம் நின்று சில நாட்களில் பூக் கேட்பார்கள். அன்று சாலையில் எங்களைப் பார்த்தவளும் அவர்களில் உண்டு. அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, அவளாகச் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரு பூ அதிகமாகவே பறித்துக் கொடுக்கிறேன்.